இரண்டு ஏரிகளும் ஓர் இரகசியமும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பைத் தேடி வெளிநாடோ வெளி மாநிலமோ சென்றவர்களுக்குக் கடிதத்தின் அருமை தெரியும். இன்று கைத்தொலைபேசி வந்து தூரத்தைச் சுருக்கிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் ஊரிலிருந்து இரண்டு நாள் பேச்சு வராவிட்டால், இங்கே ரஞ்சன்காவில் தொழிற்சாலை வேலையில் கை ஓடிக்கொண்டிருந்தாலும் மனம் ஓடுவதில்லை. இரண்டு நாள் மௌனத்துக்கே இப்பாடு என்றால், மூன்றரை ஆண்டு மௌனம் எப்படியிருந்திருக்கும்? இரண்டாவது உலக யுத்த காலத்தில், மலாய் நாட்டுக்கும் பர்மாவுக்கும் சென்றிருந்த தமிழர்களின் வீடுகள் அந்த மௌனத்தைத்தான் அனுபவித்தன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதம் இரங்கூன் வீழ்ந்தது. அன்றோடு அக்கரையிலிருந்து தபால் நின்றது.

அந்த மௌனத்தினூடே, ஒருவருக்கும் தெரியாமல், இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சிலர் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இருட்டில் புறப்பட்டு, கடலைக் கடந்து, ஜப்பானியர் வசமிருந்த நாடுகளில் இறங்கினார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற விமானங்களின் கதையை எழுதுவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒரு பகுதி நான் பிறந்த ஊர் ஏரியிலிருந்து புறப்பட்டன. அவ்வாறு சென்றவர்களுள் சிலர் பயிற்சி பெற்றது, நாம் இப்பொழுது வாழும் பூனா மாவட்டத்தில் உள்ள மற்றோர் ஏரிக்கரையில்.

முதலாவது ஏரி புழல் ஏரி. செங்குன்றம் ஏரி என்றும் சொல்வதுண்டு. சென்னை நகரம் குடிக்கும் நீரில் பெரும் பங்கு அதனுடையது. நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி கொள்ளும். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அந்த ஏரியையே விமான நிலையமாக்கிக்கொண்டது. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் ‘காட்டலினா’ என்னும் பெரிய விமானங்கள் அங்கே நின்றன. வங்காளக் குடாக் கடலில் எதிரியின் கப்பல்களைத் தேடுவதும், கவிழ்ந்த கப்பல்களின் மாலுமிகளை மீட்பதும் அவற்றின் வெளிப்படையான பணி. அவற்றுள் சில மட்டும் வேறு பணிக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. 1944 பிப்ரவரி முதல் நாள் அமைக்கப்பட்ட 357ஆம் விமானப் படைப்பிரிவு இரகசியப் பணிகளுக்கென்றே ஏற்பட்டது. அதன் ஒரு பகுதி வங்காளத்தில் டிக்ரி என்னுமிடத்தில் இருந்தது. காட்டலினாக்களைக் கொண்ட மறு பகுதி செங்குன்றத்தில் இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் செங்குன்றப் பகுதி 628ஆம் படைப்பிரிவு என்று தனிப் பெயர் பெற்றது. அக்டோபரில் அது கலைக்கப்பட்டபின், அவ்வேலையை அதே ஏரியில் இருந்த 240ஆம் படைப்பிரிவின் தனிக் குழு ஏற்றது.

இவ்விவரங்கள் எல்லாம் நான் நடுவயதில் படித்து அறிந்தவை. சிறு வயதில் நான் அறிந்தது என் பாட்டி சொன்னது மட்டுமே. அவள் அந்நாளில் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமி. ஏரிப்பக்கம் போகக்கூடாதென்று சிப்பாய்கள் தடுப்பார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால், படகின் வயிறும் பறவையின் சிறகுமாக அந்த விமானங்கள் தண்ணீரில் மிதக்குமாம். மாலையில் ஒன்று எழும்பினால் கரையில் அலை வந்து மோதுமாம். “எங்கே போகிறது?” என்று தன் தந்தையிடம் அவள் கேட்டால், “அதையெல்லாம் கேட்கக்கூடாது, அம்மா” என்பாராம்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவளுடைய மூத்த அண்ணன் மலாய் நாட்டில் ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார். 1941ஆம் ஆண்டின் இறுதியில் வந்த கடிதமே கடைசி. கிழக்கே பறக்கும் விமானம் எதுவானாலும் அண்ணன் இருக்கும் திசைக்குத்தானே போகிறது என்பது அந்தச் சிறுமியின் கணக்கு. ‘அதில் ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்ப முடியாதா?’ என்று எண்ணி ஏங்கியதாக எழுபது வயதிலும் சொல்வாள். நாங்கள் பேதைமை என்று சிரிப்போம். அந்த விமானங்களுள் சில மெய்யாகவே எதிரியின் கரைகளைத் தேடிச் சென்றவை என்பதை அறிந்தபின், அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை.

எதிரி நாட்டுக்குள் ஆளை இறக்கும் இந்தக் கலை முதலில் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1940 ஜூலையில் பிரிட்டன் ஒரு தனி நிறுவனத்தை ஏற்படுத்திற்று. எதிரி பிடித்துவைத்துள்ள நாடுகளில் எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதமும் ஆளும் அனுப்பி உள்ளிருந்தே குலைப்பது அதன் நோக்கம். பிரான்சுக்குள் ஆட்களை இறக்க ‘லைசாண்டர்’ என்னும் சிறு விமானம் பயன்பட்டது. மாட்டு மேய்ச்சல் நிலம் போன்ற குறுகிய இடத்திலும் அது இறங்கும். பயணிகள் விரைந்து ஏறி இறங்க அதன் பக்கத்தில் ஓர் ஏணியைப் பொருத்தியிருந்தார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளிலேயே புறப்படுவார்கள்; ஏனெனில் ஆறும் சாலையும் நிலவொளியில் தெரிந்தால்தான் விமானி வழியை அறிய முடியும். தரையில் காத்திருப்போர் மூன்று கைவிளக்குகளைக் குறித்த வடிவில் நட்டு, முன்பே பேசிய எழுத்தை ஒளியால் மினுக்குவர். எழுத்துத் தவறினால் விமானி இறங்காமல் திரும்பிவிடுவான். இறங்கினாலோ, சில நிமிடங்களுக்குள் வந்தவர் இறங்கிப் போகிறவர் ஏறி, விமானம் மீண்டும் வானில் இருக்கும்.

அப்படியொரு விமானத்தில் 1943 ஜூன் 16ஆம் நாள் இரவு சென்றவர்களுள் ஒருவர் நூர் இனாயத் கான். அவருடைய தந்தையார் பரோடாவில் பிறந்த இசைவாணர். குடும்பம் திப்பு சுல்தானின் வழிவந்தது. நூரோ ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவர். கம்பியில்லாத் தந்திக் கருவியை இயக்குவதற்காகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண்மணி அவரே. அவர் சேர்ந்த குழு சில நாட்களுக்குள் எதிரியிடம் சிக்கிற்று. திரும்பி வர வாய்ப்பிருந்தும் மறுத்து, பாரிசில் இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் பிடிபட்டார்; விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடந்தார்; 1944 செப்டம்பர் 13ஆம் நாள் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். 1949இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது. கதை சொல்லும் மென்மையான உள்ளத்துக்குள் இவ்வளவு உறுதி எங்கே ஒளிந்திருந்தது என்பது வியப்புக்குரியது.

கீழ்த்திசையில் இதே வேலை இன்னும் கடினமானது. இங்கிலாந்திலிருந்து பிரான்சு ஓர் ஓட்டத்தில் போய்வரும் தூரம். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாய் நாட்டுக்கோ இடையில் பெருங்கடல் கிடக்கிறது. ஆகவே தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களையே நம்பினார்கள். 1943 மே மாதம் ஜான் டேவிஸ் என்னும் அதிகாரியும் ஐந்து சீன இளைஞர்களும் இலங்கையிலிருந்து ஒரு டச்சு நீர்மூழ்கியில் சென்று பேராக் கரையில் இறங்கினர். நெடுந்தூரம் பறக்கும் ‘லிபரேட்டர்’ விமானங்கள் கிடைத்தபின், 1944 டிசம்பரிலிருந்து மலாய்க் காடுகளில் பாரசூட்டில் ஆட்கள் குதித்தனர். வங்காளத்து ஜெஸ்ஸூரிலிருந்தும் இலங்கை மின்னேரியாவிலிருந்தும் அவ்விமானங்கள் புறப்பட்டன. போய்த் திரும்ப 20 மணி நேரத்தையும் கடந்த பறப்புகள் அவற்றில் உண்டு. மலைகளை மேகம் மூடியிருந்தால், அத்தனை தூரம் சென்றும் ஆளை இறக்காமலே திரும்பவேண்டியதுதான். காட்டலினாக்களின் பாடு வேறு வகை. இருளில் எதிரியின் கரையருகே கடல்மீது இறங்கி, ரப்பர்ப் படகில் ஆட்களை விட்டுவிட்டு, அலைகளுக்கிடையே மீண்டும் எழும்பவேண்டும். இவ்வேலைகளை நடத்திய அமைப்புக்கு 1944 முதல் ‘136ஆம் படை’ என்று பெயர். முதலில் மீரத்திலும் பின்பு கண்டியிலும் அதன் தலைமை நிலையம் இருந்தது.

இனி இரண்டாவது ஏரிக்கு வருவோம். கடக்வாஸ்லா ஏரியை நம் சங்கத்துக் குடும்பங்களுள் காணாதவர் அரியர். ஞாயிற்றுக்கிழமை கரையோரத்தில் சுட்ட சோளமும் வெங்காயப் பஜ்ஜியும் தின்று, சிங்ககட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். பூனா நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. 1955 முதல் தேசியப் பாதுகாப்புக் கழகம் அதன் கரையில் இயங்குகிறது. அதற்கு முன்பே, யுத்த காலத்தில், 136ஆம் படையின் ஆட்களுக்குக் கரந்துறை போர்முறை கற்பித்த பள்ளி ஒன்று அப்பகுதியில் நடந்தது. பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பது, காட்டில் வழி அறிவது, ஓசையின்றிப் படகைக் கரை சேர்ப்பது, பொய்ப் பெயரை உறக்கத்திலும் மறவாதிருப்பது என்பன பாடங்கள். மராட்டிய நிலத்துக்கு இது புதிய பாடம் அன்று. 1670இல் தானாஜி இரவில் செங்குத்துப் பாறையில் ஏறிப் பிடித்த கோட்டை அந்த ஏரிக்கு எதிரே நிற்கிறது.

அங்கே பயின்றவர்கள் லிம் போ செங் என்னும் சிங்கப்பூர் வணிகர் திரட்டிய சீன இளைஞர்கள். மனைவியையும் சிறு குழந்தைகளையும் சிங்கப்பூரில் விட்டுத் தப்பி வந்தவர் லிம். தம் ஆட்களை மட்டும் அனுப்பிவிட்டு அவர் இந்தியாவிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை, 1943 நவம்பரில் தாமும் நீர்மூழ்கியில் சென்று இறங்கினார். 1944 மார்ச்சில் பிடிபட்டு, சித்திரவதையிலும் ஒரு பெயரையும் சொல்லாமல், ஜூன் 29ஆம் நாள் பத்து காஜாச் சிறையில் உயிர் துறந்தார். சிங்கப்பூரின் எஸ்பிளனேடில் அவருக்கு 1954இல் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

இந்தக் கதையை ஒருமுறை கடக்வாஸ்லாக் கரையிலேயே என் மகளுக்குச் சொன்னேன். மராட்டியப் பள்ளியில் படிப்பவளாதலால் தானாஜியை என்னைவிட நன்றாக அறிந்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்களா, அப்பா?” என்றாள். “இல்லை” என்றேன். “வராதவர்கள் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?” என்றாள். அக்கேள்விக்கு அன்று நான் விடையளிக்கவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவளுக்கான விடையே.

பிடிபட்டவர் எல்லாரும் மடிந்துவிடவில்லை. மலாய் நாட்டவரான இப்ராகிம் இஸ்மாயில், தேரா தூன் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்; தாய்நாடு வீழ்ந்தபோது இந்தியாவில் தங்கிவிட்டார். 1944 அக்டோபரில் இருவரோடு காட்டலினா ஒன்றில் சென்று மலாய் நாட்டின் கிழக்குக் கரையருகே இறங்கினார். விரைவிலேயே ஜப்பானியர் பிடித்துவிட்டனர். தங்களுக்காகக் கம்பியில்லாத் தந்தியில் பொய்ச் செய்தி அனுப்பும்படி வற்புறுத்தினர். அவர் இணங்குவதுபோல் இணங்கினார். ஆனால், முன்னரே பேசி வைத்திருந்த சாதாரணக் கேள்வியொன்றுக்கு அவர் அனுப்பிய விடையிலிருந்து, அவர் எதிரியின் கையில் இருக்கிறார் என்பதைத் தலைமை நிலையம் அறிந்துகொண்டது. “மரியத்தைச் சந்தித்தீர்களா?” என்பதே அக்கேள்வி. பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவு நூலின் பெயரும் அதுவே. சுதந்திர மலேசியாவின் முப்படைத் தலைவராக உயர்ந்தார் அவர்.

இதுவரை ஒரு பக்கத்தை மட்டும் சொன்னேன். மறு பக்கத்தையும் சொல்லாவிடில் நடுநிலை தவறும். இங்கிருந்து அங்கே ஆட்கள் போனதுபோலவே அங்கிருந்து இங்கேயும் வந்தார்கள். பினாங்கில் இந்திய சுயராஜ்ய நிலையம் என்று ஒரு பள்ளி நடந்தது. மலாய் நாட்டு இந்திய இளைஞர்கள் இந்திய விடுதலைக்காக அங்கே ஒற்றுவேலை பயின்றனர். 1942 செப்டம்பரில் அவர்களுள் சிலரை ஜப்பானிய நீர்மூழ்கி மலபார்க் கரையில் தானூர் அருகே இறக்கிற்று. வக்கம் அப்துல் காதர் என்பவர் அவர்களுள் ஒருவர். திருவிதாங்கூரிலிருந்து நம்மவரைப் போலவே பிழைப்பைத் தேடி மலாய் நாடு சென்றவர். எதிரியின் ஒற்றர் என்று தீர்ப்பளித்து, 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்பொழுது அவருக்கு வயது 26.

எண்ணிப் பாருங்கள். காதர் தூக்கிலேறிய சென்னைக்கு அருகிலுள்ள ஏரியிலிருந்துதான், சில திங்களுக்குள், மறு தரப்பின் ஒற்றர்கள் புறப்பட்டனர். இருவருக்கும் பயிற்சி ஒன்று, இருளும் ஒன்று, பிடிபட்டால் முடிவும் ஒன்று. ‘எதிரி நாடு’ என்ற சொல்லின் பொருள் மட்டும் வேறு. காதருக்கு எதிரி, இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அரசு. லிம்முக்கு எதிரி, தம் இனத்தாரைக் கொன்று குவித்த ஜப்பானியப் படை. யார் சரி, யார் பிழை என்று இன்று நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. ஒவ்வொருவரும் தத்தம் மக்களுக்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டே புறப்பட்டனர் என்பதை ஒப்புக்கொள்வதே முறை. என் குழந்தைக்கு இருவரையுமே சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன்.

வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் கடைசிக் குறள், ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யலாகாது, செய்தால் மறைபொருளை நாமே வெளியிட்டவராவோம் என்ற கருத்தைத் தருகிறது. யுத்தம் நடக்கும் காலத்துக்கு இதைவிடத் தெளிவான விதி இல்லை. ஆனால் யுத்தம் முடிந்தபின்னும் அந்த மௌனம் தொடரவேண்டுமா? மறைக்கவேண்டிய இரகசியம் ஒருநாள் காலாவதியாகிறது. அன்று முதல், மறைப்பு காவலாக இருப்பதில்லை, மறதியாகிவிடுகிறது. ஆயுதம் ஏந்தியவருக்கு அரசு பதக்கம் அளிக்கிறது. பொய்ப் பெயரோடு போய் மெய்ப் பெயரை இழந்தவருக்கும், அவருடைய வீட்டாருக்கும் யார் என்ன அளிப்பது?

ஜப்பான் 1945 ஆகஸ்டு 15ஆம் நாள் சரணடைந்ததாக அறிவித்தது. அதற்குப்பின் எட்டு நாள் கழித்து, காட்டிலிருந்த 136ஆம் படையினருக்குப் பொருள்கள் கொண்டுசென்ற லிபரேட்டர் ஒன்று கொக்கோஸ் தீவிலிருந்து புறப்பட்டு, நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் விழுந்தது. அதிலிருந்த எண்மரும் மாண்டனர். யுத்தம் முடிந்துவிட்டது, இனி வீடு திரும்பலாம் என்று எண்ணியிருப்பார்கள். பல்லாண்டுகளுக்குப் பின்னரே அவர்களுடைய எச்சங்கள் மீட்கப்பட்டன. 2012 அக்டோபரில், 67 ஆண்டுகள் கழித்து, கோலாலம்பூரில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தனர். உறவினர்களும் கடல் கடந்து வந்து நின்றார்கள். அத்தனை காலத்துக்குப் பின் ஏன் இந்தச் சிரமம் என்று கேட்பவர்கள், காத்திருந்த வீட்டை அறியாதவர்கள்.

என் பாட்டியின் அண்ணனுக்கு எண்மருக்குக் கிடைத்த அந்த ஆறடி நிலமும் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து 1946இல் திரும்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், “சயாம் ரயில் போடக் கூட்டிப் போனார்கள், அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை” என்று மட்டும் சொன்னாராம். சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் போட்ட அந்த ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் காய்ச்சலாலும் பேதியாலும் பட்டினியாலும் மாண்டார்கள். ஒற்றரின் பெயரை இரகசியம் மறைத்தது. இந்தத் தொழிலாளரின் பெயரை அலட்சியம் மறைத்தது. ஏட்டில் பதியாத பெயரை எந்த அரசு தேடப்போகிறது? பாட்டி 2009இல் காலமாகும்வரை ஆடி அமாவாசையில் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒருவரையும் விட்டதில்லை. “செத்தான் என்று யார் வந்து சொன்னார்கள்?” என்பாள்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். இங்கே ரஞ்சன்காவிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் மலாய் நாடு, பர்மா, இலங்கை என்று முன்னோர் சென்ற வரலாறு இல்லாதது அரிது. அவர்களைப் பற்றிக் கேட்டுச் சொல்லும் முதியோர் ஒருவரிருவரே மிஞ்சியிருக்கிறார்கள். வருகிற பொங்கலுக்கு ஊர் செல்லும்போது, அவர்கள் அருகில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனவர் பெயர், போன ஆண்டு, தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த நாள் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நம் சங்க நூல்நிலையத்தில் ஒரு தடித்த கணக்குப் புத்தகம் வாங்கி வைத்து, அவற்றைப் பதிவு செய்வோம். முதல் பக்கத்தில் எழுதுவதற்குப் பாட்டியின் அண்ணன் பெயரை நான் கொண்டுவருகிறேன்.